நாடகமும் நடிகரும் நாமும்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபொழுது, சங்க இலக்கியத்திலோ சமய இலக்கியத்திலோ ஒரு பொருளைத் தெரிந்து எழுதுவேனென அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். தமிழாசிரியரிடத்து அவ்வாறு எதிர்பார்த்தல் இயல்பே. ஆயினும், சென்ற வைகாசியில் அடுத்தடுத்து மூன்று நாட்களில் மூன்று நாடகங்களைக் கண்டு, ஆட்டம் முடிந்தபின் ஆடினோருடன் இருந்து பேசியதனால் எழுந்த கருத்தொன்றைப் பழைய மாணவர் முன்னிலையிலும் இன்று பயிலும் மாணவர் முன்னிலையிலும் வைப்பதே தக்கதெனக் கொண்டேன். முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். இயலுக்கு ஆசிரியர் உளர். இசைக்கும் ஆசிரியர் உளர். நாடகத்துக்குப் பாடநூல் உண்டு, பரீட்சையும் உண்டு. நாடகம் ஆடுகின்றவரை மாத்திரம் நாம் அறியோம். இதுவே என் முறைப்பாடு.

வெள்ளியிரவு, எங்கள் பகுதியிலுள்ள அம்மன் கோயிலொன்றின் முன்றிலிலே காத்தவராயன் கூத்து நடந்தது. உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவர் அறுவரை உடனழைத்துச் சென்றேன். இரவு பத்து மணிக்குத் தொடங்கிய கூத்து விடியும்வரை நிகழ்ந்தது. இக்கூத்திலே காத்தான் வேடத்தை ஒருவரே இறுதிவரை தாங்குவதில்லை. கதை வளர வளர, ஒருவர் பின் ஒருவராகப் பலர் அவ்வேடத்தை ஏற்பர். நள்ளிரவுக்குள் முன்வரிசைக் கதிரைகள் பாதி வெறுமையாயின. பின்னே பாய் விரித்திருந்த மூதாட்டியரோ எழுந்திலர். அவர்களுக்கு அது பார்த்துப் போகும் காட்சியன்று, நேர்த்தி. அடுத்து வரவேண்டிய அடியை ஆடுபவர் எடுக்குமுன்னே அவர்கள் உதடுகள் எடுத்துவிட்டன.

காத்தான் கழுமரமேறும் வேளையிற் கிழக்கு வெளுத்தது. ஆட்டம் முடிந்ததும் மாணவரை வீட்டுக்கு அனுப்பாமல் ஒப்பனைக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றேன். கடைசிக் காத்தானாக வந்தவர் தேங்காயெண்ணெய் பூசி முகத்து வண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் மாணவரில் கெட்டிக்காரன் ஒருவன் கொப்பியை விரித்துக்கொண்டு, "அண்ணை, இது வடமோடியோ தென்மோடியோ?" என்று வினவினான்.

"மோடி ஒண்டும் எங்களுக்குத் தெரியாது, தம்பி. இது சிந்து நடை. கொப்பியை வைச்சிட்டு எழும்பி வா, காட்டுறன்."

அறுவரையும் நிரையாக நிறுத்தி, வரவு ஆட்டத்தின் கால்வைப்பைக் காட்டினார். முன்னே வைத்துப் பின்னே எடுக்கும் மிக எளிய அடி. பார்த்தால் எவரும் ஆடலாம் போலத் தோன்றும். பாட்டையும் சேர்த்துப் பாடச் சொன்னபொழுது ஒருவனுக்கும் கால் பாட்டோடு பொருந்தவில்லை. பாட்டு வந்தால் கால் தவறியது; கால் வந்தால் பாட்டு நின்றது. கொட்டிலில் இருந்தோர் அனைவரும் சிரித்தனர், மாணவரும் சிரித்தனர். அரைமணி நேரத்தில் வியர்த்து நனைந்துவிட்ட அவர்கள் அன்று அறிந்ததை நான் வகுப்பறையில் ஒரு தவணை முழுவதும் கற்பித்திருந்தாலும் அறிவித்திருக்க முடியாது. நான் பயிற்றப்பட்ட ஆசிரியன். ஆசிரிய கலாசாலையிலே, செய்து கற்றலே சிறந்த கற்றலென்று பலமுறை எழுதிச் சித்தியடைந்தவன். அத்தத்துவத்தைப் பெயர் சொல்லாமல் நடத்திக் காட்டிய அம்மனிதர், எட்டு மணிக்கு வேலைத்தலத்தில் நிற்கவேண்டுமென்று கூறித் துவிச்சக்கர வண்டியில் ஏறிச் சென்றார். அவர் மேசன். இரவு முழுவதும் ஆடிய கால்களோடு பகல் முழுவதும் சாரத்தில் நிற்பார்.

சனிக்கிழமை மாலை, வேறோர் ஊரிலே சனசமூக நிலையமொன்றின் ஆண்டுவிழாவில் 'மயான காண்டம்' இசை நாடகம் இடம்பெற்றது. அரிச்சந்திரனாக வந்தவர் எழுபது வயதைக் கடந்தவர். சுடலை காக்கும் அரிச்சந்திரன், இறந்த மகனை ஏந்தி வந்தவள் தன் மனைவியென அறியாது, காற்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கும் கட்டம் யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. நடிகமணி வி. வி. வைரமுத்து (1924-1989) இந்நாடகத்தை ஊரூராக எத்தனை மேடைகளில் ஆடினாரென்பதைக் கேட்டால், முதியோர் ஆயிரக்கணக்கிலேயே விடை கூறுவர். காங்கேசன்துறை வசந்தகான சபாவின் பெயரைச் சொன்னாற் கண்கலங்குவோர் இன்றும் உளர். முடிவு தெரிந்த கதைக்கு மீண்டும் மீண்டும் மக்களை அழவைப்பது யாதென அறியும் விருப்பினாலேயே நான் சென்றேன்.

அக்கட்டம் தொடங்குந் தறுவாயில் நாடகம் நிறுத்தப்பட்டது. பிரதம விருந்தினர் அவசரமாகச் செல்லவேண்டியவராம். உரை, பதிலுரை, நன்றியுரை, கௌரவிப்பு என முக்கால் மணித்தியாலம் கழிந்தது. அவ்வளவு நேரமும் அரிச்சந்திரன் சுடலை காவலன் கோலத்தில், கையிற் கோலோடு மேடையோரத்தில் நின்றார். அக்கோலத்தின்மீதே அவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினர். சக்கரவர்த்தியாக வந்த காட்சியிற் போர்த்தியிருந்தாலாவது பொருத்தமாயிருந்திருக்கும். மிருதங்கக்காரர் தொப்பியில் அப்பியிருந்த ரவை காய்ந்து போகவே, அதனைச் சுரண்டியெடுத்து, மீண்டும் ரவை குழைத்து அப்பிச் சுருதி பார்த்தார். இவ்வளவும் முடிந்தபின்னர் நாடகம் தொடர்ந்தது. அப்பெரியவர் விட்ட இடத்திலிருந்து குரலெடுத்த முதற்பாட்டிலேயே சபை அடங்கிவிட்டது. அந்த ஆற்றலை மெச்சுவதா, அதனைச் சோதித்தவர்களை நோவதா என்று எனக்கு விளங்கவில்லை.

ஆட்டம் முடிந்தபின் அவரோடு நெடுநேரம் பேசினேன். பிளேன்ரியும் வடையும் வந்தன. "குரல் ஆறினால் திரும்ப ஏத்திறது கஸ்டம், மாஸ்டர். ஆனால் அவைக்கு அது தெரியாதுதானே" என்றார். கோபமில்லை. பொன்னாடையை மடித்து ஒருபுறம் வைத்துவிட்டு, "வீட்டிலை பெட்டி நிறைய இது கிடக்கு. உடுக்கவும் ஏலாது, விக்கவும் ஏலாது" என்று சிரித்தார். "நல்லாயிருந்தது எண்டு எல்லாரும் சொல்லுவினம். எப்பிடிப் பாடினனீங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

ஆதலால் நான் கேட்டேன். ஏழு வயதில் லோகிதாசனாகவும், மீசை அரும்பிய பருவத்திற் சந்திரமதியாகவும், முப்பதுக்குமேல் அரிச்சந்திரனாகவும் இதே நாடகத்தில் ஆடியவர் அவர். ஒரு குடும்பத்தின் மூவரையும் ஓராயுளில் வாழ்ந்து முடித்திருக்கின்றார். குருமார் எல்லோரும் ஒலிபெருக்கியில்லாக் காலத்துப் பழகியவர்களாதலின், கடைசிப் பாயில் இருப்பவர் செவிக்கும் எட்டவேண்டுமெனச் சுருதியை உயர்த்தியே பாடக் கற்பித்தனராம். லோகிதாசனாகக் கிடந்த நாட்களைப் பற்றி அவர் கூறியது மறக்கற்பாலதன்று. "செத்த பிள்ளையாக் கிடக்கேக்கை நுளம்பு கடிச்சாலும் அசையப்படாது. சந்திரமதிக்கு ஆடின அண்ணாவியார் அழுற பாட்டுக்குள்ளையே முந்தானையாலை என்ரை முகத்தைத் துடைக்கிற மாதிரி நுளம்பைக் கலைச்சுவிடுவார். பிறகு நான் சந்திரமதிக்கு ஆடேக்கை என்ரை லோகிதாசனுக்கு நானும் அப்பிடித்தான்." சபையினரோ அதனைத் தாயின் புலம்பலில் ஓர் அங்கமென்றே கண்டு அழுதனர். உண்மையில் அவ்வாறு அழுததிற் பிழையுமில்லை.

தம் நாடகக் கொப்பியை அவர் எடுத்துக் காட்டினார். தாள்கள் மஞ்சளித்து, ஓரங்கள் உதிர்ந்திருந்தன. பாட்டுகள் முழுவதும் அழகிய கையெழுத்தில் இருந்தன. எவ்விடத்தில் மூச்சை நிறுத்துவது, எந்த இராகத்தை எங்கே விட்டு எங்கே எடுப்பது என்பதுபற்றி அதில் ஒரு சொல்லுமில்லை. நுளம்பைப் பற்றியும் இல்லை. அவை யாவும் அப்பெரியவரிடத்தே உள்ளன. பிள்ளைகள் மூவரும் கடல்கடந்து வாழ்கின்றனர். "இதை ஆரிட்டைக் குடுக்கிறது, மாஸ்டர்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் விடை கூறவில்லை, இக்கட்டுரையே என் விடை.

ஞாயிறு மாலை யாழ்ப்பாண நகரிலே இளைஞர் குழுவொன்றின் புத்தாக்க நாடகம். அதன் குறைநிறைகளை விரிக்க இங்கே இடமில்லை. பேச்சுத் தமிழை அச்சமின்றிக் கையாண்டனர் என்பதையும், ஒளியமைப்பில் வேண்டாத ஆடம்பரம் இருந்தது என்பதையும் சொல்லி அமைவேன். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940 இல் 'நானாடகம்' என்னுந் தொகுதியை வெளியிட்டபொழுது யாழ்ப்பாணத்து வீட்டுப்பேச்சு அரங்கேறத் தக்கதோ என ஐயுற்றோர் இருந்தனர். 1978 இல் நாடக அரங்கக் கல்லூரி தோன்றி, 1985 இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' மேடையேறிய பின்னர் அவ்வையம் எவருக்கும் எழவில்லை. இவ்விளைஞர் அவ்வழியில் வந்தவர்கள்.

என்னை வருத்தியது நாடகமன்று, அதன்பின் நடந்தது. நடித்தோரில் ஒருவர் மூன்றாண்டுகளுக்கு முன் எமது கல்லூரியில் என்னிடம் தமிழ் பயின்றவர். ஓடிவந்து வணங்கி, "சேர், நீங்கள் கடைசிவரைக்கும் இருந்தீங்களோ?" என்று கேட்டார். இருந்தேன் என்றேன். "அப்பாவும் வந்தவர் சேர். முடிய முன்னம் எழும்பிப் போட்டார்" என்றார். சற்றுப் பொறுத்து, "அவரும் எங்கடை கல்லூரிதான்" என்றார்.

அத்தந்தையார் இம்மலரையும் வாசிக்கக்கூடும். அவரைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. அவரைப் போன்றோர் நம்முட் பலர். பிள்ளை கணிதத்திற் பெற்ற புள்ளியை ஊருக்குக் கூறுவோம். மேடையிற் பெற்ற கைதட்டலை வீட்டுக்குள்ளும் கூறோம். இதன் வேர் ஆழமானது. கூத்தாடி என்னுஞ் சொல்லை வசைச்சொல்லாக வழங்கும் சமூகம் எமது. இரவிலே அரசனாகக் கொலுவிருந்தவர், விடிந்தபின் தம் ஆட்டத்தைக் கண்டு களித்தவர்களின் கிணற்றில் நீரள்ள இயலாதிருந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. 1968 இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடவேண்டி இருந்தது. அப்போராட்டத்தைப் பொருளாகக் கொண்டு 'கந்தன் கருணை' என்ற நாடகமும் எழுந்தது. இந்துக் கல்லூரியொன்றின் மலரில் இதனை எழுதுதல் சிலருக்கு உவப்பாயிராது. ஆயினும் ஆட்டத்தை விரும்பி ஆடினவரை ஒதுக்கிய அப்பழக்கமே, இன்று வேறுருக்கொண்டு, நாடகம் முடியுமுன் எழுந்து செல்வதாகவும், முடிந்தபின் ஒப்பனைக் கொட்டிலை எட்டிப்பாராமற் செல்வதாகவும் நிற்கின்றதென்பது என் துணிபு. பொன்னாடை இவ்விடைவெளியை மூடுகின்றதேயன்றி நீக்கவில்லை.

கற்றோர் இவர்களிடஞ் சென்று கற்பது புதுமையன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே 1962 இற் 'கர்ணன் போர்', 1963 இல் 'நொண்டி நாடகம்', 1964 இல் 'இராவணேசன்', 1967 இல் 'வாலி வதை' என வரிசையாகக் கூத்துகளை மேடையேற்றினார். இரவு முழுவதும் ஆடுவதை ஓரிரு மணித்தியாலத்துக்குச் சுருக்கினார் என்பதையே நம் மாணவர் மனனஞ் செய்கின்றனர். அவர் செய்த பெருங்காரியம் அதுவன்று என்பேன். பல்கலைக்கழக மாணவரை மட்டக்களப்பு அண்ணாவிமாரின் மத்தளத்துக்கு ஆடவைத்தார். பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கு, ஏட்டுக்கல்வி அதிகம் பெறாத ஒருவரை ஆசிரியராக்கினார். அதற்குமுன், 1956 இற் பேராசிரியர் சரச்சந்திர 'மனமே' நாடகத்தைப் படைத்தபொழுதும் சிங்கள நாடகம மரபைப் பேணிவந்த கிராமத்துக் கலைஞரையே நாடினார்; அந்த நாடகமவும் நம் கூத்தோடு உறவுடையதே.

கலையரசு க. சொர்ணலிங்கம் தம் அனுபவங்களை 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்று நூலாக எழுதி 1968 இல் வெளியிட்டார். அதனால் அவர் காலத்து மேடையை நாம் ஓரளவேனும் அறிவோம். அண்ணாவிமாரில் அவ்வாறு எழுதிவைத்தோர் மிகச் சிலர். அவர்களிடம் கேட்டாலன்றி நாம் அறியும் வழியில்லை. கேட்பதற்கான காலமும் குறுகியது.

இக்காலத்திற் கைத்தொலைபேசியில் எல்லாம் பதிவாகின்றனவே, இன்னும் யாது குறை என்பர் சிலர். பதிவு நன்றே, எங்கள் மாணவரும் செய்கின்றனர். வெள்ளியிரவு அவர்கள் எடுத்த படத்தை வகுப்பிலே போட்டுப் பார்த்தோம். காத்தானின் கால்கள் தெளிவாகவே தெரிகின்றன. ஆயினும் அக்கால்வைப்பைப் படத்தைப் பார்த்து ஆட முயன்ற ஏனைய மாணவரால் இயலவில்லை. கொட்டிலில் அரைமணி நேரம் நின்ற அறுவரே எழுந்து அவர்களுக்குக் காட்டினர். பிழையாகத்தான் காட்டினர், எங்கே பிழை என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. படம் அதனைச் சொல்லித் தராது.

இனி யூபிலிக் கருமத்துக்கு வருகின்றேன். நவீன வசதிகளோடு கூடிய முத்தமிழ் அரங்கு ஒன்றை அமைக்கவேண்டுமென்ற பேச்சுப் பழைய மாணவரிடையே எழுந்துள்ளது. வேண்டாமென்று கூறேன், நல்ல அரங்கு எவருக்குக் கசக்கும்? ஆனால் முறையொன்று உண்டு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பாடஞ் சொல்லும்போது, எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம் என்ற அரங்கின் அளவையும், மூவகை எழினியையும் நம் மாணவர் ஆர்வத்தோடு குறித்துக்கொள்வர், பரீட்சையிலும் எழுதுவர். அப்பகுதிக்கு முன்னே என்ன இருக்கின்றதென்பதை மறந்துவிடுவர். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் என ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்தி, இன்னவை அறிந்தவர் என்று அவரவர் புலமையை விரித்துக்கூறிய பின்னரே இளங்கோ மேடையை அளக்கப் புகுகின்றார். எங்கள் திட்டத்திலோ அளவுகோல் முன்னே வந்துவிட்டது.

கட்டடத்துக்குச் சேரும் நிதியில் ஒரு சிறுபங்கை ஆண்டுதோறும் இரண்டு இரவுகளுக்கென ஒதுக்குமாறு பழைய மாணவர் சங்கத்தை, சிறப்பாக வெளிநாட்டுக் கிளைகளை, வேண்டுகின்றேன். ஓரிரவு கூத்து, ஓரிரவு இசை நாடகம். கூத்து மண்டபத்தில் வேண்டாம். விளையாட்டு மைதானத்தின் நடுவே வட்டக்களரி அமைத்துச் சுற்றி இருந்து பார்ப்போம். கலைஞருக்குரிய சன்மானத்தையும் வாகனக் கூலியையும் ஆட்டத்துக்கு முன்னரே கொடுத்துவிடவேண்டும். முடிந்தபின் பொருளாளரைத் தேடி அவர்கள் அலையலாகாது. நாடகத்தின் நடுவே எவரும் உரையாற்றலாகாது, அதிபரும் உட்பட. மறுநாட் காலை அவர்கள் எம்மோடு உணவருந்தி, உயர்தர மாணவரோடும் ஆசிரியரோடும் மதியம்வரை இருக்கவேண்டும். அன்று அவர்கள் ஆசிரியர், நாம் மாணவர். கற்றதை மாணவர் எழுதிச் சேர்க்க, அத்தொகுப்பு நூலகத்தில் இருக்கட்டும். மிருதங்கத்துக்கு ரவை குழைக்கும் பதமும் அதில் இடம்பெறட்டும். விரும்பும் மாணவர் இருவர் மூவரேனும் தொடர்ந்து அவர்கள் வீடு சென்று பழக வழிசெய்தால், அப்பெரியவரின் கொப்பிக்கும் ஒரு கை கிடைக்கும்.

காத்தானாக ஆடிய மேசனாரிடமும் அவருடைய அண்ணாவியாரிடமும் இதுபற்றிப் பேசியுள்ளேன். இரண்டாந் தவணை விடுமுறைக்கு முன்வரும் வெள்ளிக்கிழமை தங்களுக்கு இசைவென்றனர். பணத்தைப்பற்றி அண்ணாவியார் ஒன்றுங் கேட்டிலர். "விடியும்வரைக்கும் இருக்கப் பிள்ளையளை வீட்டிலை விடுவினமோ, மாஸ்டர்?" என்று மாத்திரம் கேட்டார். பெற்றோராகிய பழைய மாணவரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறி வந்துள்ளேன்.